பறவையைப் பார்த்த வேட்டைக்காரன்

ஹாலந்து தேசத்து ஓவியர் ரெம்பிராண்ட் 1638-ல் வரைந்த நல்ல சமாரியன் படம் போலந்தில், கிராக்கோவ் பட்டணத்து மியூசியத்தில் இருக்கிறது. பார்த்தவுடனே சமாரியன் கண்ணில் படமாட்டான். பெரிய மரம், இருண்ட வானம், தூரத்தில் வெளிச்சம். அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு போகிறவன் ஒரு ஓரமாய், சின்னதாய். மரத்தடியில் ஒரு வேட்டைக்காரன் பறவைக்குத் துப்பாக்கியால் குறிபார்க்கிறான்.

லூக்கா 10-ல் இவன் கிடையாது. ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப் போனார்கள், இவனோ காணவேயில்லை. காணாதவன்மேல் குற்றம் உண்டா?

உண்டு என்றுதான் சொல்லுவேன். கண்ணை எங்கே வைப்பது என்பது அவன் இஷ்டம்தானே? நம்முடைய ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பள்ளத்தாக்கைப் பார்க்கிறோம், பனியைப் பார்க்கிறோம். கர்த்தருடைய சிருஷ்டிப்பு, ஸ்தோத்திரம்! ஆனால் வளைவில் ஒருத்தன் பைக்கோடு விழுந்து கிடந்தால் மட்டும் அந்தப் பக்கம் திரும்புகிறதில்லை.

"போலீஸ் கேஸ் ஆயிடும் பாஸ்டர்" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவனைக் காப்பாற்றுகிறது. பேர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-ல் விதியும் வந்தது. அந்தப் பிரிவின் தலைப்பிலேயே சமாரியன் இருக்கிறான், பாருங்கள்!

"நேரமில்லை" என்பார்கள். சமாரியனும் பிரயாணக்காரன்தான். சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாளே தன் வழியில் புறப்பட்டுப் போய்விட்டான்.