மாத்திரை போடாதவரின் நியாயம்

டாக்டர் முன்னால் உட்கார்ந்து நாம் சொல்லும் பொய்களில் மிகச் சாதாரணமானது இது: "ஆமா சார், மாத்திரையெல்லாம் கரெக்டா போட்டுட்டுதான் இருக்கேன்." யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் கிடையாது. திட்டு வாங்காமல் வெளியே வந்தால் போதும், அவ்வளவுதான். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. மற்ற நாடுகளில் இன்னும் குறைவு.

பாதிப் பேர் செய்யும் ஒன்றை அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியுமா? மருந்தை விடுகிறவரிடம் ஒரு நியாயம் இருக்கலாம், அதைக் கேட்கும் கடமை யாருக்காவது உண்டு என்று ஏன் நாம் நினைப்பதில்லை?

இந்தக் கேள்விக்குச் சென்னையில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1956-இல் இங்கே காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் படுக்கவைத்துச் சிகிச்சை தருவதும், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துச் சிகிச்சை தருவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று 1959-இல் அந்த மையம் உலகத்துக்குக் காட்டியது. இடநெருக்கடியும் வறுமையும் உள்ள வீடுகளில்கூட அது சாத்தியமானது. ஆனால் வீட்டுக்குப் போனால் மாத்திரை நோயாளியின் கையில். போடுகிறாரா இல்லையா? ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான், ஒருவர் கண்முன்னே நோயாளி மாத்திரையை விழுங்கும் முறை. பிற்பாடு 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது.

காசநோய் விஷயத்தில் இந்தக் கண்காணிப்புக்கு ஒரு நியாயம் உண்டு. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பரவும். பிரஷருக்கு அப்படியில்லை. அதன் மாத்திரையை விடுகிறவர் பெரும்பாலும் தன் உடம்பைத்தான் பணயம் வைக்கிறார். அவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ண நமக்கு உரிமை உண்டா? இல்லையென்றால், "உன் உடம்பு, உன் பாடு" என்று விட்டுவிடலாமா?

இரண்டும் இல்லாத ஒரு வழி தெருமுனை மெடிக்கலில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்றரை மணிநேர பஸ், பிறகு நாள் முழுக்க நின்ற வாக்கில் வேலை. பிரஷருக்குக் காலையில் நீர் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். போட்டால் அடிக்கடி ஒன்னுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் எங்கே போவது? கடையில் எத்தனை முறை சூப்பர்வைசரிடம் கேட்பது? அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார். ஆஸ்பத்திரி ஃபைலில் இவர் சொன்ன பேச்சு கேட்காத நோயாளி. உண்மையில் இவர் நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். அந்த யோசனையில் இன்னொருவர் சேரவில்லை, அதுதான் குறை.

மருந்தாளுநரால் அதில் சேர முடியும். 30 நாள் மாத்திரை வாங்கியவர் 60-ஆம் நாள் வருவது அவருக்குத்தான் தெரியும். "ஏம்மா, ஒழுங்கா போடுறது இல்லையா?" என்று கேட்டால் பழைய பொய்யே திரும்ப வரும். "நடுவுல விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்குறதுதான். போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் பஸ் கதை வெளியே வரும். "வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பார்ப்போமாம்மா?" என்பது அடுத்த கேள்வி. மருந்து அதேதான். நேரம்தான் மாறுகிறது.

இங்கிலாந்தில் இதை ஒரு ஏற்பாடாகவே செய்திருக்கிறார்கள். 2011 முதல் அங்கே, சில நீண்டகால நோய்களுக்குப் புதிதாக மருந்து தொடங்கியவரிடம் ஓரிரு வாரம் கழித்து மருந்தாளுநர் பேசுகிறார்: ஏதாவது தொந்தரவு இருக்கா, ஏதாவது சந்தேகமா? நம் நாட்டிலும் 2015-இல் வந்த மருந்தியல் நடைமுறை விதிகள், மருந்தை எப்படி எடுப்பது, ஒருவேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்றெல்லாம் விளக்குவதை மருந்தாளுநரின் கடமையாகச் சொல்கின்றன. ஆனால் நம் மெடிக்கல் எப்படி இருக்கும்? பின்னால் நாலு பேர் சில்லறையோடு நிற்பார்கள். கேட்பதும் சொல்வதும் தெருவுக்கே கேட்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் சமயத்தில் இன்ஹேலர் பற்றி அங்கே யார் வாய் திறப்பார்கள்? "அஞ்சு மாத்திரை மட்டும் குடுங்கண்ணே" என்று கேட்பவருக்கு அட்டையை வெட்டித் தருகிறார்கள். சில சமயம் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய மறுபாதியிலேயே தங்கிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் ஒழுங்காக மாத்திரை போட்டால் கடைக்காரருக்கு வியாபாரம். அவர் அக்கறையை எப்படி நம்புவது? விற்பனை குறையும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். "இது ரெண்டும் ஒரே மருந்து, வேற வேற டாக்டர் வேற வேற பேர்ல எழுதியிருக்காங்க. ரெண்டையும் சேர்த்துப் போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க." இப்படிச் சொல்கிறவர் "விடாம போடுங்க" என்று சொன்னால் அதற்கு ஒரு எடை இருக்கிறது.

எல்லாம் கேட்டு, எல்லாம் புரிந்தபிறகும் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால்? பக்கவாதம் வரக்கூடும் என்று தெரிந்தே மறுத்தால்? அங்கே மருந்தாளுநர் நின்றுவிட வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. மனசு கேட்காது. ஆனாலும், தெரிந்து மறுப்பதற்கும் தெரியாமல் விட்டுப்போவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்கிறவர் மறுக்கவில்லை. நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவருடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேச முடியும். அப்போதும் கதவைச் சாத்திவிடக் கூடாது. அடுத்த மாசம் மனசு மாறி வந்தால் "அன்னைக்கே சொன்னேன்ல" என்ற பேச்சு வரக் கூடாது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள், மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக ஒருவர். அந்த நான்காமவரை மருந்தைச் செய்து தருபவர் என்றும், நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்றும் இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். மருந்து இன்று தொழிற்சாலையில் தயாராகிறது. அதனால் முதல் வேலை மருந்தாளுநரிடமிருந்து ஏறக்குறைய போய்விட்டது. இரண்டாவது வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர் நோயாளி என்பதையும் கவனிக்கலாம். டாக்டர் அவருக்கு அடுத்துத்தான் வருகிறார்.