எழுத்தில்லாத கல்

போலாரத்தின் பழைய கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மாலை, எங்கள் சத்சங்கத்துப் பெரியவர் ஒருவருடன் நின்றிருந்தேன். ஆங்கிலேயப் படையினரின் கற்களில் பெயரும் வயதும் படைப்பிரிவும் செதுக்கப்பட்டிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் நின்று படித்தார். பிறகு தம் தந்தையைப் பற்றிச் சொன்னார்.

பெரியவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளி. ஒருநாள் ஆழத்தில் அழுத்தம் தாளாது பாறை வெடித்தது. உடல்தான் மேலே வந்தது. புதைத்த இடத்தின் தலைமாட்டில் ஒரு கல்லை நட்டார்கள். எழுத்து வெட்டக் கூலி கொடுக்க வழியில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனபோது, முட்புதருக்குள் அதுபோன்ற கற்கள் எத்தனையோ கிடந்தனவாம்.

"உடல் என்பது களைந்த ஆடை என்று வாரந்தோறும் படிக்கிறோமே, ஐயா. பின் ஏன் நான் அந்த மேட்டைத் தேடுகிறேன்? இது மோகந்தானா?" என்று கேட்டார்.

மோகம் என்று சொல்லிவிட எனக்கு நாவெழுந்தது. சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று.

தங்கவயலின் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே காலூன்றியது. வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றார்கள்; சித்தூரிலிருந்து தெலுங்கர்களும், கடல் கடந்து கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தாரும் வந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து இயந்திரங்களுக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளியோ தட்டிக் குடிசையில் வாழ்ந்தான். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வெடித்த பாறைக்குத் தப்பியவர்களிலும் பலரைப் பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மெல்லக் கொன்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. அது எங்கெங்கோ கலந்துவிட்டது. நம் இல்லத்துத் தாலியில் அதில் ஒரு குன்றிமணி இல்லையென்று யார் சொல்ல முடியும்?

பெயரும் உருவமும் நிலையற்றவை என்று நம் சாத்திரங்கள் கூறுவது உண்மையே. ஆனால் அது யார், யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல்? துறவி தன் பூர்வாசிரமப் பெயரைத் தானே விடுகிறான், அது துறவு. சுரங்கத் தொழிலாளி தன் பெயரை விடவில்லை. அதை எழுதி வைக்க எவரும் முன்வரவில்லை. என் பெயர் அழியட்டும் என்று நான் சொல்லலாம். பிறன் பெயர் அழிந்தால் என்ன என்று சொல்ல எனக்கு ஏது உரிமை? தன்பொருட்டுக் கொண்டால் வைராக்கியமாகும் அதே வாக்கியம், பிறர்பொருட்டுச் சொன்னால் அலட்சியமாகிவிடுகிறது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்த நம் முன்னோரும் உடல் நிலையற்றது என்பதை அறியாதவர்கள் அல்லரே!

இந்த ஐதராபாத்தை ஆண்ட நிஜாமின் ராஜ்யத்திலும் பொன்வயல்கள் இருந்தன. ராய்ச்சூர்ப் பகுதியில் பொன் தேடிக்கொண்டிருந்த பீடன் என்னும் சுரங்கப் பொறியாளர், 1915-இல் மஸ்கியில் ஒரு பாறைக் கல்வெட்டைக் கண்டார். அதுவரை கிடைத்திருந்த சாசனங்களில் 'தேவர்களுக்குப் பிரியமானவன்' போன்ற பட்டங்களே இருந்தன. அசோகன் என்ற பெயர் இங்கேதான் வெளிப்பட்டது. பேரரசனின் பெயரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு பாறையில் காத்துக் கிடந்து, பொன் தேடியவர் கண்ணில்தான் பட்டது! உயர்ந்தோர்க்கு மட்டுமன்று, அறத்தில் முயலும் எளியோர்க்கும் மேலான நிலை எட்டும் என்பதே அக்கல்வெட்டின் சாரம். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அந்த எளியவர்களுடைய பெயர் அதில் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

தர்ப்பணத்தின் முடிவில், நீர் வார்க்க எவருமில்லாதோர்க்கும் நீர் விடும் வழக்கம் உண்டு. மகாளய அமாவாசையன்று பெரியவர் தந்தையின் பெயரை உரக்கச் சொல்லி நீர் வார்த்தார். எழுந்திருப்பார் என்று நினைத்தேன். மறுபடியும் கையில் நீரை ஏந்தினார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"பக்கத்து மேடுகளுக்கு" என்றார்.