சத்தம் யாருடைய கணக்கில்?

மோட்டார் சைக்கிளுக்கு வேறு புகைக்குழாய் பூட்டுவது ஒரு சனிக்கிழமை மத்தியான வேலை. இணைப்பு நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பழைய சைலன்சரை இறக்கவேண்டும். புதியதைப் பொருத்தி, எல்லாம் நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்பே நட்டுகளை இறுக்கவேண்டும். குழாயிற் கைரேகை இருந்தால் எஞ்சின் சூடேறும்போது அது உலோகத்திற் சுட்டுப் பதிந்துவிடும் என்பதால், துடைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். எமது கோயில் வாகனத் தரிப்பிடத்தில் திருவிழா நாட்களில் இப்படியான நாலைந்து வண்டிகளைக் காணலாம். ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உழைத்த காசில் வாங்கியவை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் பணத்தில் நான் வாங்கிய சத்தம் என்னுடையதுதானா என்பதே கேள்வி.

எஞ்சினின் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மிகுந்த வாயு வெடித்து வெளியேறுகிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும், துளையிட்ட குழாயைச் சுற்றியுள்ள நார்ப் பஞ்சும் அந்த அதிர்வை உடைத்து அடக்குகின்றன. கடையில் விற்கும் மாற்றுக் குழாய்கள் பல பாரம் குறைந்தவை, பார்வைக்கு அழகானவை. வாயில் கழற்றக்கூடிய ஓர் உட்குழாய் இருக்கும்; 'டிபி கில்லர்' என்பார்கள். அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரேயொரு திருகாணி. அதைக் கழற்றி ஓடினால் வண்டியின் வீதி அனுமதியே செல்லாமற் போகும். ஆனால் ஒரு திருகாணியைக் கழற்ற எத்தனை நிமிடம்?

நான் தொழிலாற் கணக்காளன். டெசிபல் எமது சாதாரண கூட்டற் கணக்குக்குள் அடங்காதது. 80 டெசிபல் 90 ஆனால் எட்டிலொரு பங்கு கூடியது போலத் தெரியும். உண்மையில் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; ஒரே மாதிரியான பத்து வண்டிகள் சேர்ந்து ஓடுவதற்குச் சமம். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காக மட்டுமே கேட்கும். காதின் பெருந்தன்மை அது. இன்பம் ஓட்டுபவரின் வரவில் ஏறுகிறது. செலவோ இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவரின் ஏட்டில் விழுகிறது. சிறுவயதிலே ஒரு சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடப் பழகிய எம்மவர் இன்றும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழும்புகிறார்கள். அவர்களும் அந்தச் செலவில் பங்காளிகள். ஒருவரும் கையெழுத்து வைத்ததில்லை.

சத்தம் உயிர் காக்கும் என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அமெரிக்காவில் ஹரி ஹர்ட் என்பவரின் குழுவினர் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டனர். நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட விபத்துகளில் ஆபத்து முன்புறமிருந்தே வந்திருந்தது. புகைக்குழாய் பின்னால் அல்லவா பார்க்கிறது?

சட்டப்படிதானே ஓடுகிறோம் என்ற வாதம் இதைவிடப் பெறுமதியானது. ஆனாலும் ஒஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜூனில் அங்கே ரொய்ற்ற பகுதி வீதிகள் சிலவற்றில், வாகனப் பத்திரத்தில் நிற்கும் நிலை ஒலி 95 டெசிபலுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைக் கோடைகாலத்துக்குத் தடைசெய்தார்கள். முழு அனுமதியுள்ள வண்டிகளும் அதற்குள் அகப்பட்டன. அயலவரின் பொறுமை முடிந்தபின் அனுமதி முத்திரையைக் காட்டிப் பயனில்லை.

இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டதுதான் கடினமான கேள்வி. "மாமா, கோயிலில் தவில் அடிக்கலாம், தேர் இழுக்கலாம். என்ர பைக் மட்டும் சத்தமோ?" நியாயமாகவே கேட்டார். அகதி விடுதியின் மெல்லிய சுவர்களுக்குள் நாம் ரேடியோவைக்கூடத் தாழ்த்தி வைத்து வாழ்ந்தோம். "சத்தம் போடாதை, பொலிஸ் வரும்" என்று பிள்ளைகளை அடக்கியே வளர்த்தோம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நாளாவது தெரு அதிரப் போகவேண்டும் என்று தோன்றினால் அதில் வியப்பில்லை. அந்த ஆசையை வெறும் திமிர் என்று தள்ளுபவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயம் முன்பு குடியிருப்புப் பகுதியில் இருந்தது. திருவிழாக் கூட்டம் பெருகி அயலவர் முறையிட்டபின் ஊருக்கு வெளியே தொழிற்சாலைகள் உள்ள பகுதிக்கு மாறியது. அங்கே எழுந்த புதிய கோயிலுக்கு 2002 இல் குடமுழுக்கு நடந்தது. சாமியின் சத்தம் என்று விலக்குக் கேட்க முடியவில்லை. தேர் ஓடும் நாள் முன்கூட்டியே தெரியும், வீதிக்கு நகரசபையிடம் அனுமதி எடுக்கப்படும், முடியும் நேரம் உண்டு. தாங்க முடியாதவர் எந்தக் கதவைத் தட்டுவது என்றும் அறிவார். இரவு 11 மணிக்கு மூலையில் முறுக்கிவிட்டுப் போகும் வண்டியிடம் யார் போய்ச் சொல்வது? யன்னலைத் திறக்குமுன் அது போய்விடும்.

வழக்கம்போல இவ்வருடத் திருவிழாவுக்கும் அயல் வீடுகளுக்கு நேர அட்டவணையுடன் கடிதம் போகிறது. அதில் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வரும் பிள்ளைகள் உட்குழாயைப் பூட்டிக்கொண்டு, கோயில் தெருவில் முறுக்காமல் உருட்டி வருவார்களானால் அந்த வரி தேவைப்படாது.