சுவர் காயும் வரை

முப்பது லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை. மாதாமாதம் சுமார் 26,000 ரூபாய் கட்ட வேண்டும். கடைசித் தவணை முடியும்போது வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருப்பது ஏறத்தாழ 62.5 லட்சம். முதல் மாதத் தவணையை மட்டும் பிரித்துப் பார்த்தால் 21,250 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது ஐயாயிரத்துக்கும் குறைவு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அந்தத் தாளில் எழுதாமல் விடப்பட்ட ஒன்று உண்டு. முப்பது வயதில் கையெழுத்திடுகிறவர், ஐம்பது வயது வரை எந்த அவமானத்துக்கும் வேலையை உதறிவிட்டு எழுந்து வர மாட்டேன் என்றும் அன்றே ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

இதற்கு மாற்றாகச் சிலர் ஒரு வழி சொல்கிறார்கள். பெற்றோர் வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மண் அறை எழுப்பிக்கொள்ளலாம். கடனும் வேண்டாம், வாடகையும் வேண்டாம் என்கிறார்கள். இந்த வழியை நான் நம்புகிறேன். ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. மண் சும்மா கிடைக்கிறது என்பதுதான் அந்தக் காரணம்.

மண் சும்மா கிடைப்பது உண்மைதான். எட்டடி உயரம், ஒன்றேகால் அடி கனத்தில் நாலு பக்கச் சுவர் வைக்க, வாசலும் சன்னலும் போக ஏறத்தாழ நாலு யூனிட், அதாவது நானூறு கன அடி, மண் வேண்டும். செடி வளர்கிற மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, பத்தடிக்குப் பத்தடி சதுரத்தில் நாலடி ஆழம் வெட்டினால் அந்த மண் வந்துவிடும். ஆனால் வீட்டுச் செலவில் சுவர் ஒரு பங்குதான். கருங்கல் அடித்தளம், நிலை, கதவு, கூரைக்குக் கைமரம், ஓடு, மின் இணைப்பு, கழிவறை என்று மற்றதெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மண்ணால் கட்டினால் வீடே இலவசம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

உண்மையான காரணம் சுவர் எழும் விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக் குப்பியில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், களி கடைசியாக. களி மிகுந்த மண் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தது உதிரும். இரண்டுக்கும் நடுவே பதம் பார்த்து, வேண்டுமானால் மணல் சேர்த்து, தண்ணீர் விட்டு ஊறப் போட்டு, வைக்கோல் தூவிக் காலால் மிதிக்க வேண்டும். கையில் உருட்டிப் பிடித்தால் நிற்கும் பக்குவம் வந்ததும் உருண்டை உருண்டையாக எடுத்துச் சுவரில் அறைந்து ஏற்றுவார்கள். ஒரே மூச்சில் ஒன்றரை அடிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் அடியில் இருக்கும் ஈரச் சுவர் பாரம் தாங்காமல் பிதுங்கிவிடும். அது இறுகும் வரை காத்திருந்துதான் அடுத்த அடுக்கைத் தொட வேண்டும். வெயிலைப் பொறுத்து அந்த இடைவெளி சில நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். எத்தனை ஆளை இறக்கினாலும் இதை முடுக்க முடியாது.

காங்கிரீட் தளம் போடும் நாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மிக்சரும் ஆட்களும் விடியற்காலையில் வந்து நின்றால் அன்றைக்கே ஒரே தொடர்ச்சியாகப் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டாமல் பின்னால் தண்ணீர் இறங்கும். ஆகவே அந்த ஒரு நாளுக்குள் சிமென்ட், கம்பி, ஜல்லி, கூலி எல்லாவற்றுக்கும் பணம் மொத்தமாகக் கையில் இருந்தாக வேண்டும். மாதச் சம்பளத்திலோ வாரக் கூலியிலோ வாழ்கிற குடும்பத்திடம் பணம் அப்படி மொத்தமாக ஒரு நாளில் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இந்த இடைவெளியில்தான் கடன் உள்ளே நுழைகிறது. மண்சுவரோ குடும்பத்துக்குப் பணம் வருகிற வேகத்திலேயே எழும்புகிறது. இந்த மாதம் அடித்தளம், அடுத்த மாதம் இடுப்பளவு சுவர், சீட்டுப் பணம் வரும்போது கூரை. பொருள் மலிவாக இருப்பதைவிட இந்த நிதானம்தான் கடனை வாசலிலேயே நிறுத்துகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊரில், வால்டன் குளக்கரையில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ கட்டிய அறையும் இப்படித்தான் வளர்ந்தது. அது மரத்தால் ஆனது. பத்துக்குப் பதினைந்து அடி. 1845 மார்ச் கடைசியில் இரவல் கோடரியோடு தொடங்கினார். மே மாதம் நண்பர்கள் கைகொடுத்துச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜூலை 4 அன்று, உள்பூச்சும் புகைபோக்கியும் இல்லாமலே குடியேறிவிட்டார். குளிருக்கு முன்னால் புகைபோக்கி, குளிர் வந்த பிறகு பூச்சு. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அப்போது ஹார்வர்ட் மாணவர் ஓர் அறைக்கு ஆண்டு வாடகையாகக் கொடுத்ததோ 30 டாலர். இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லும் பலர் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த நிலம் தோரோவுடையது கிடையாது. நண்பர் எமர்சனுக்குச் சொந்தமானது. அதற்கு விலை எதுவும் அவர் கொடுக்கவில்லை.

நம் ஊரிலும் நிலம்தான் முதல் கேள்வி. கொல்லை உள்ளவர்தான் கொல்லையில் கட்ட முடியும். சுவர் காயும் வரை படுத்துறங்க ஒரு கூரை ஏற்கெனவே இருந்தால்தான் அது காயும் வரை காத்திருக்க முடியும். பட்டா இல்லாத புறம்போக்கில், மழைக்கு மழை கரையும் மண்சுவருக்குள் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களிடம் போய் மண்வீட்டின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. 2018இல் கஜா புயல் காவிரி டெல்டாவில் எத்தனை குடிசைகளைத் தரைமட்டமாக்கியது என்று அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாய் உதவியோடு, பெரும்பகுதி காங்கிரீட் கூரையுள்ள 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்வதை அவர்கள் விரும்பி ஏற்பது முற்றிலும் நியாயம். வேறு வழியில்லாமல் தலையில் விழுந்த மண்ணும், வேறு வழி இருந்தும் தேர்ந்தெடுத்த மண்ணும் ஒன்றாகாது. தரை மெழுகும் வேலையும் ஆண்டுதோறும் சுவருக்குப் பூச்சு பார்க்கும் வேலையும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் மட்டும் விழுமானால், அங்கே விடுதலை பாதிப் பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

மண்சுவர் தாங்குமா என்ற பயத்தில் இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பல நூறு ஆண்டு கண்ட மண்சுவர் வீடுகளில் இன்றும் குடியிருக்கிறார்கள். அங்கேயும் மழைக்குக் குறைவில்லை. அடியில் உயர்ந்த கல், மேலே நீண்டு இறங்கிய தாழ்வாரம். இந்த இரண்டும் இருந்தால் மண் நிற்கும்.

பொருளாதார விடுதலை என்ற சொல்லை இன்று பெரும்பாலும் முதலீட்டுக் கணக்கு பேசுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு சேர்ந்தால் விடுதலை என்று ஒரு தொகையைக் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதன் அளவு வேறு: ஒரு மனிதர் தனக்கு ஒவ்வாததை எத்தனை சீக்கிரம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது என்பதுதான். 26,000 ரூபாய் தவணை உள்ளவர் அந்தச் சொல்லை 240 மாதங்களுக்குத் தள்ளிவைத்திருக்கிறார். நாம் வட்டி என்று கட்டுவதில் பெரும்பங்கு, அரைகுறை வீட்டோடு வாழச் சம்மதிக்காததற்கான விலை. புதுமனைப் புகுவிழாவுக்கு வருகிறவர்கள் பூசாத சுவரைப் பார்க்கக் கூடாது. சம்பந்தி வீட்டார் வரும்போது மாடிப்படி இருக்க வேண்டும். அந்தக் கூச்சம் ஒரு குடும்பத்தை விட்டு விலகிய அன்று, அது மண்ணால் கட்டினாலும் செங்கல்லால் கட்டினாலும், கடன் கொடுப்பவரின் வேலை பாதி குறைந்துவிடும். மண் அந்தக் கூச்சத்தைக் கைவிட வைக்கிறது, ஏனென்றால் அதைக் கட்டி முடித்தோம் என்று சொல்லும் நாள் ஒன்று வருவதே இல்லை. அடுத்த ஆண்டு மழைக்குப் பின் மறுபடி தொட வேண்டியிருக்கும்.

1940களில் காந்தியைச் சந்தித்ததைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பின்னாளில் அடிக்கடி நினைவுகூர்ந்தார். ஐந்து மைல் வட்டாரத்துக்குள் கிடைக்கும் பொருளால் ஆனதே சிறந்த வீடு என்று காந்தி தம்மிடம் சொன்னதாக அவர் சொல்வார். அப்படிக் கட்டினால் செலவழித்த காசும் அந்த ஐந்து மைலுக்குள்ளேயே தங்கும். மண் மிதித்தவருக்கும் ஓடு வேய்ந்தவருக்கும் அன்றன்றே போய்ச் சேரும்.

கட்ட நினைப்பவர்கள் தை அறுவடை முடிந்ததும் தொடங்குவது நல்லது. வைக்கோல் புதிதாகக் கிடைக்கும். மாசி, பங்குனி வெயில் சுவரை ஒழுங்காகக் காய வைக்கும். எது தாமதமானாலும் ஐப்பசிக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும். அடித்தளத்துக்கும் கூரைக்கும் செலவைக் குறைக்காதீர்கள். மண் வெட்டிய குழியைச் சுவரிலிருந்து தள்ளியே வையுங்கள். முதல் அடைமழைக்கே அது நிரம்பும்; தோட்டத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், குழியைச் சுற்றி வேலி போட்ட பிறகு மற்ற வேலையைப் பார்க்கலாம்.