கையை நீட்டும் நேரம்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஏதாவது ஒரு பள்ளி அரங்கில் சிறுவர் சதுரங்கப் போட்டி நடந்துகொண்டிருக்கும். பாதி மேசைகள் காலியான பிறகும் மூலையில் ஓர் ஆட்டம் ஓடும். ஒரு பக்கம் தனி ராஜா. எதிர்ப்பக்கம் ராஜாவோடு ஒரு யானை, மூன்று சிப்பாய்கள். வாசலில் நிற்கும் பெற்றோர் யாராவது "தோத்தாச்சு, விட்டுட வேண்டியதுதானே" என்று முணுமுணுப்பார். பயிற்சியாளரோ "கடைசி வரைக்கும் ரிசைன் பண்ணக் கூடாது" என்று சொல்லிக் குழந்தையை அனுப்பியிருப்பார். இருவருமே மரியாதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் வெவ்வேறு மரியாதையை. என் கணக்கில், கையை நீட்டி ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது ஒரு சாட்சி சொல்வது மாதிரி. "மிச்சத்தை நீ முடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்" என்று தோற்பவர் எதிராளிக்காகச் சாட்சி சொல்கிறார். அந்த நம்பிக்கை உண்மையாக இருந்தால் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அது இல்லாமல் கையை நீட்டினால் பொய்ச் சாட்சி. ஜெயிக்கிறவரால் அந்தச் சாட்சியைக் கேட்டு வாங்கவும் முடியாது.

2013 நவம்பர் 21-ஆம் தேதி சென்னையில் நடந்ததைப் பாருங்கள். உலகச் சதுரங்கப் பட்டத்துக்காக ஆனந்தும் கார்ல்சனும் மோதிய போட்டியின் ஒன்பதாவது ஆட்டம். 3-5 என்று பின்தங்கியிருந்த ஆனந்துக்கு வெற்றி தேவை. எல்லாவற்றையும் கார்ல்சனின் ராஜா மீதே குவித்திருந்தார். கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாகி செக் கொடுத்தது. ஆனந்த் 28-ஆவது நகர்த்தலில் குதிரையைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார். குதிரை விலகிய இடத்தில் ஒரு மூலைவிட்டம் திறந்துகொண்டது. புது ராணி பக்கவாட்டில் நகர்ந்து அந்தக் கோட்டின் முனையில் நின்றது. இனி ஆனந்தின் வெள்ளை யானை, தாக்குவதற்குப் போக வேண்டிய கட்டத்துக்குப் போனால் வெட்டுப்படும். அவ்வளவுதான், ஆனந்த் அங்கேயே கையை நீட்டினார். பார்வையாளருக்குப் பலகையில் இன்னும் சண்டை மிச்சமிருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். எதிரே இருப்பவர் இதிலிருந்து தவறமாட்டார் என்று ஆனந்துக்குத் தெரியும். சொந்த ஊரில், பட்டம் கைநழுவும் நேரத்தில், ஒரு நகர்த்தல்கூடத் தாமதிக்காமல் அதை ஒப்புக்கொண்டது, நான் அறிந்த தோல்விகளில் மிக நேர்மையானது.

நம்பிக்கை தவறான இடத்தில் விழுவதும் உண்டு. 1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்யும் வழி அந்தப் பலகையில் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. இயந்திரம் அதை விட்டுவைத்திருக்காது என்று அவர் நம்பிவிட்டார். 2025 ஜூன் 1-ஆம் தேதி நார்வேயின் ஸ்டாவாங்கரில் நடந்தது இதற்கு நேரெதிர். நெடுநேரம் தோற்கும் நிலையில் இருந்த குகேஷ் விடவில்லை. நேரம் குறைந்த கார்ல்சன் ஒரு பெரிய பிழை செய்தார், ஆட்டம் திரும்பியது, மேசையில் அவருடைய குத்து விழுந்தது. குகேஷ் நடுவிலேயே கையை நீட்டியிருக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? கடிகாரமும் ஆட்டத்தின் பகுதிதான். எதிராளியிடம் இருக்கும் சில நொடிகளுக்குள் அவர் முடித்துவிடுவார் என்று நம்பாதவர் ஆடிக்கொண்டே இருக்கலாம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் இது மாறும் என்பதையும் நம் திண்ணைகள் அறியும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. ஐந்தாறு ஆடு போய்விட்டால் புலிகளை அடைக்க ஆள் போதாது. வெட்டுப்பட்டது திரும்பி வராது. அங்கே "ஆட்டம் உனக்குத்தான்" என்று சொல்லிக் காய்களை வழித்தெடுப்பது இயல்பு. பல்லாங்குழி அப்படியில்லை. காய் குறைந்தவர் தம்மால் நிரப்ப முடிந்த குழிகளை மட்டும் நிரப்பி, மீதியை ஒதுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காரலாம். இழந்த குழிகளை மீட்கவும் முடியும். தோற்றுக்கொண்டே ஆடுவதற்கு அந்த ஆட்டமே இடம் வைத்திருக்கிறது. தாயத்தில் கடைசி உருட்டல் வரை எதுவும் முடிவில்லை. ஆகவே "நல்லவன் சீக்கிரம் விட்டுக்கொடுப்பான்" என்ற பொது விதி எதுவும் நம்மிடம் இருந்ததில்லை.

இதற்கு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. வீம்புக்காக இழுத்தடிக்கிறவர்களை என்ன செய்வது? நம்ம மெட்ரோவில் கைபேசியில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்த எரிச்சல் பழக்கம்: தோற்கும் நிலை வந்ததும் எதிராளி நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிட்டுப் போய்விடுவார். ஆனால் அவர் செய்த குற்றம் விட்டுக்கொடுக்காதது இல்லை. ஆடவும் ஆடாமல், தோல்வியையும் சொல்லாமல் எதிரே இருப்பவரைக் காத்திருக்க வைத்தது. ஆடுகிறவர் ஆடட்டும், விடுகிறவர் வாய்விட்டுச் சொல்லட்டும். மூன்றாவது வழி கிடையாது. கோபத்தில் விட்டுவிட்டு எழுந்து போவதும் இதே வகைதான். 2022 செப்டம்பரில் எதிராளி நீமன் ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் கொண்டிருந்த கார்ல்சன், இணையவழிப் போட்டியில் ஒரே ஒரு நகர்த்தலோடு ஆட்டத்தை விட்டார். சந்தேகத்தைச் சொல்ல வேறு வழிகள் உண்டு. பலகையில் எதுவும் நடக்கும் முன்பே சொன்ன அந்தத் தோல்வி, ஆட்டத்தைப் பற்றி எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.

மூலை மேசைக் குழந்தைக்குத் திரும்புவோம். எட்டு வயது எதிராளிக்கு யானையை வைத்து மேட் செய்யத் தெரியுமா என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அவசரத்தில் ராஜாவுக்குப் போக இடமில்லாமல் அடைத்து, செக்கும் இல்லாமல் ஸ்டேல்மேட் ஆக்கி அரைப் புள்ளியைக் கொடுத்துவிடும் சிறுவர்கள் ஏராளம். முன்னால் இருப்பவருக்கும் முடித்துப் பழக அதுதான் இடம். அவர் பெருமூச்சு விட்டுக் கூரையைப் பார்க்காமல், அம்மாவைத் தேடாமல், பலகையைப் பார்க்க வேண்டும். சிப்பாய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு யானை மட்டும் மிஞ்சினால், ஒரு காயும் வெட்டுப்படாமல் இருவரும் ஐம்பது ஐம்பது நகர்த்தல் ஆடியபின் டிரா கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தனி ராஜாவை வைத்துக்கொண்டு தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று எண்ணும் குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள். எதிரே இருப்பவருக்கு இன்னும் பன்னிரண்டு நகர்த்தல் இருக்கிறது.