ஆளில்லாத கூண்டும் தூக்குத் தண்டனையும்

தப்பி ஓடியவன் தன் தரப்பைச் சொல்லும் உரிமையைத் தானே கைவிட்டான். அவன் இல்லாமலே விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தால் அதில் என்ன அநியாயம் என்று கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவும் இந்த எண்ணத்தில் எழுந்ததுதான். தலைமறைவுக் குற்றவாளி என அறிவிக்கப்பட்டவர்மீது, நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்து 90 நாள் கழிந்தபின், அவர் இல்லாமலே வழக்கை நடத்தித் தீர்ப்பு சொல்லலாம். மரண தண்டனைக்குரிய குற்றங்களும் இதற்குள் வருகின்றன. வக்கீல் இல்லாதவருக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. ஆனால் நேரில் வந்து நிற்காதவரை மேல்முறையீடு இல்லை. தீர்ப்பு வந்து மூன்றாண்டு கடந்தால் அந்த வழியும் அடைபடும்.

குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் அவருக்குக் காட்டும் சலுகை என்று எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. உயிரை எடுக்கத் துணியும் நீதிபதிக்கே அந்தப் பதில் தேவை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை உணர்ந்திருந்தது. தண்டனை பெற்றவரைக் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லும்போது நீதிமன்ற வாசலில் ஒருவர் கையில் துணியோடு நிற்க வேண்டும். அவர் கண்ணுக்கு எட்டும் தொலைவில் குதிரைவீரன் காத்திருக்க வேண்டும். புதிதாக ஒரு வாதம் எழுந்தால் துணி அசையும், குதிரை பாய்ந்து சென்று ஊர்வலத்தை நிறுத்தும். தண்டனை பெற்றவரே பொருட்படுத்தத்தக்க வாதம் ஒன்றைச் சொன்னால், நான்கைந்து முறையானாலும் அவரைத் திருப்பி அழைத்து வர வேண்டும். கடைசி அடி வரை அவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டென்றால், அதைக் கேளாமலே தீர்ப்பை முடிப்பது எப்படி?

நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம் 1946 அக்டோபர் 1 அன்று மார்ட்டின் போர்மனுக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. அவர் இறந்துவிட்டார் என்று வக்கீல் வாதாடினார், நீதிமன்றம் ஏற்கவில்லை. 1972-இல் பெர்லினில் கிடைத்த எலும்புகள் அவருடையவை என்று 1998-இல் மரபணுச் சோதனை உறுதிப்படுத்தியது. அவர் 1945 மே மாதமே இறந்திருந்தார். போர்மனின் குற்றங்களுக்கு ஆவணச் சான்று ஏராளம். ஆயினும், குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடிருக்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் ஒரு நீதிமன்றம் அவர் உயிரைக் கேட்டது. பிடிபட்டால் தண்டனையைக் குறைக்கும் காரணங்களைப் பரிசீலிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே இடம் விட்டது. முடிக்க வேண்டியது மிச்சமிருக்கிறது என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டதற்குச் சமம் இது.

சாட்சிகள் மூப்படைவார்கள், இறப்பார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை காலம் காத்திருப்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்காகச் சாட்சியங்களை இன்றே பதிவு செய்யட்டும், நடந்த குற்றத்தை நீதிமன்றம் ஊரறியச் சொல்லட்டும். மரண தண்டனையை மட்டும் நிறுத்திவைக்கட்டும். ஆள் கிடைத்ததும் முழு மறுவிசாரணை நடக்கட்டும். ஓடியதற்குத் தனித் தண்டனை கொடுக்கலாம். ஓடியதையே கொலைக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. அச்சத்தால் ஓடும் நிரபராதிகளும் உண்டு.