உதிர்ந்த இலையும் உயர்ந்த அறமும்

மரம் உதிர்த்த இலை குப்பையா, செல்வமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். தம்ம மேடையில் சருகைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். கோசம்பியில் பகவான் புத்தர் ஒரு பிடி சிம்சபா இலைகளைக் கையில் ஏந்தியே, தாம் அறிந்தவை எவ்வளவு, உரைத்தவை எவ்வளவு என்று பிக்குகளுக்கு விளக்கினார். இலையைக் கொண்டு உண்மை உரைப்பது நம் மரபுக்குப் புதிதன்று.

அமீர்பேட்டில் தை பிறந்தது முதல் பங்குனி வரை அரசும் வேம்பும் புங்கும் இலையுதிர்க்கின்றன. நடைபாதையிலும் அடுக்குமாடி வீட்டு முற்றத்திலும் சருகு குவிகிறது. குவிந்ததைப் பெருக்கி, ஒரு மூலையில் தள்ளித் தீ மூட்டிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தப் புகை எங்கே செல்கிறது? முதலில் பெருக்கிய அம்மாளின் மார்புக்குள் செல்கிறது. பிறகு பக்கத்து வீட்டில் இழுப்பு நோயால் வாடும் குழந்தையின் மார்புக்குள் செல்கிறது. தீ மூட்டச் சொன்னவர் சன்னலை அடைத்துக்கொள்கிறார். அவரே மாலையில் உசேன் சாகர் ஏரிக்குச் சென்று, 1992இல் அங்கே நிலைநிறுத்தப்பட்ட புத்தர் சிலையை வணங்கி வருவாரானால், அவ்வணக்கத்தின் பயன் யாது?

சட்டமும் இதை ஒப்பவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் திறந்த வெளியில் கழிவை எரிப்பதைத் தடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வாறு எரிப்போர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 ரூபாயும் செலுத்துமாறு விதித்தது. ஆயினும் தண்டத்துக்கு அஞ்சி விடுவது சட்டத்தின் வெற்றி. பிறர் துன்பம் உணர்ந்து விடுவதே தம்மத்தின் வெற்றி.

பகவானின் பரிநிர்வாணத்துக்குப் பின், கோசம்பி அரசன் உதயணனின் தேவியர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளை அளித்தனர் என்று விநய நூல் கூறுகிறது. இத்தனை ஆடை துறவிக்கு எதற்கு என்று அரசன் வினவினான். கிழிந்த சீவரம் உடைய பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய சீவரம் என்னாகும்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். அது தரை விரிப்பாகும். பிறகு கால் துடைக்கும் துணியாகும். பிறகு தூசு தட்டும் துணியாகும். அதுவும் நைந்தால்? துண்டு துண்டாக்கி, மண்ணோடு குழைத்துத் தரையில் பூசுவோம் என்றார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை வழங்கினான். துண்டாக்கி மண்ணோடு சேர்ப்பது என்னும் அந்த இறுதிப் படியையே சருகுக்கும் நாம் செய்யச் சொல்கிறோம்.

இலையை ஏன் துண்டாக்க வேண்டும்? நாம் பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்தவர். இறுக அழுத்திய பஞ்சுப் பொதியை அப்படியே நூற்க இயலாது. அதைப் பிரித்து, அடித்து, காற்றூட்டிய பின்னரே நூலாகும். இலையும் அவ்வாறே. முழு இலைகள் மழையில் நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாய்போல் படியும்; காற்றும் நீரும் உட்புகா. இலையின் மேல் மெழுகுப் படலம் வேறு உண்டு. நறுக்கினால் வெட்டுவாய் பெருகி நுண்ணுயிர்கள் எளிதில் உட்செல்லும்; பல சாக்குச் சருகு ஒரு சாக்கில் அடங்கும். வேப்பிலை, தூங்குமூஞ்சி இலை போன்ற சிற்றிலைகளை நறுக்க வேண்டுவதில்லை. அரசு, மா, பலா, வாதுமை ஆகியவற்றின் தடித்த இலைகளையே நறுக்க வேண்டும்.

இங்கே பஞ்சசீலம் காப்போர் ஓர் ஐயம் எழுப்புவர். சருகில் பூச்சியும் நத்தையும் பூரானும் உண்டே, இயந்திரத்தில் இட்டால் கொலையாகாதா? நியாயமான ஐயம். பச்சைப் புல்லையும் சிற்றுயிரையும் மிதித்து நடக்கின்றனரே என்று மக்கள் குறைகூறியபோது, மழைக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்கும் நெறியைப் பகவான் வகுத்தார். ஆகையால் எச்சரிக்கை நம் கடமை. சருகை ஒரு நாள் வெயிலில் மெல்லிதாகப் பரப்புங்கள். உயிர்கள் நிழல் தேடி நீங்கும். கோலால் கிளறி, உதறி, பிறகு அள்ளுங்கள். எண்ணமே வினை என்பது பகவானின் போதனை. அதைச் சொல்லிக் கவனமின்மைக்குத் திரையிடலாகாது. தீயோ ஓர் உயிருக்கும் வழி விடுவதில்லை.

இயந்திரம் இல்லாதவர் உலர்ந்த சருகைச் சாக்கில் கட்டிக் கழியால் அடித்தாலே நொறுங்கும். இயந்திரம் வைத்திருப்போர் கண்ணுக்குக் கண்ணாடி அணிக. முந்தானையும் துண்டும் தொங்கவிடாதீர். அடைத்துக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்தாமல் கையை விடாதீர். இயந்திரம் கருணை அறியாது. அதனை இயக்குவோர்தாம் அறிய வேண்டும்.

நறுக்கிய சருகைச் செடியடியில் மூன்று நான்கு விரற்கடை உயரம் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடக்கும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்கலாகாது. எருவாக்க வேண்டின், மூன்று கூடைச் சருகுக்கு ஒரு கூடைச் சாணமோ காய்கறிக் கழிவோ சேர்த்து, முழங்கைக்கு இரு மடங்கு உயரமும் அகலமும் கொண்ட குவியலாக்குக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் வழியலாகாது. சில நாட்களில் உள்ளே 55 முதல் 65 பாகை வரை வெப்பம் ஏறும். வாரம் பத்து நாளுக்கொரு முறை புரட்டினால் இரண்டு மூன்று திங்களில் கருமண் ஆகும். இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்டும், அவருடைய துணைவர் யஷ்வந்த் வாடும் உலகுக்கு அறிவித்த இந்தூர் முறையும் இவ்வழிப்பட்டதே.

இதில் சார்பிற்றோற்றம் கண்கூடு. காற்று குறைந்தால் நாறும். நீர் குறைந்தால் வேலை நிற்கும். சாணம் குறைந்தால் சூடேறாது. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்தே நிகழ்கிறது. இதை உள்ளிருந்து இயக்கும் தனி ஆன்மா எதுவும் இல்லை. இலை அழிந்தது என்றும் சொல்ல இயலாது, இலையாகவே நிலைத்தது என்றும் சொல்ல இயலாது.

இறுதியாக ஒன்று. ராஜகிருகத்தில் வாடிய பூக்களை அள்ளி எறியும் தொழில் செய்தவர் சுனீதர். பிறர் அவரை இழிந்தவர் என்றனர். பகவானோ அவரை அழைத்துச் சங்கத்தில் சேர்த்தார். தேவர்களும் வணங்கும் தேரரானார். சாதியைத் துறந்து தம்மம் புகுந்த நாம் இவ்வரலாற்றைப் பெருமையுடன் பேசுகிறோம். ஆனால் நம் வாயிலில் பெருக்கும் அம்மாளின் பெயர் நமக்குத் தெரியுமா? சருகையும் தீப்பெட்டியையும் அவர் கையில் தந்து புகையை அவருக்கே விட்டோமானால், நாம் துறந்தது யாது? துடைப்பத்தில் இழிவில்லை. அதை ஒருவர் தலையில் மட்டும் கட்டி, மற்றவர் விலகி நிற்பதே இழிவு.

புனே நகரில் 2016இல் தொடங்கிய ‘பிரௌன் லீஃப்’ என்னும் முயற்சி, சருகு மிகுந்தோரையும் சருகு வேண்டுவோரையும் இணைத்தது. அமீர்பேட்டில் நம்மால் இயலாதா? ஒரு குடியிருப்புக்கு ஒரு குவியல் போதும். ஞாயிறுதோறும் ஒரு நாழிகை, படித்தவரும் முதியவரும் பிள்ளைகளும் கூடிச் சருகு அள்ளுக. பெருக்குவோர்க்கு உரிய கூலியில் ஒரு காசும் குறையாதிருக்க. எருவில் முதற்கூடை அவர்கள் வீட்டுச் செடிக்குச் செல்க.

இந்தப் பருவம் முதல் நம் வாயிலில் புகை எழாதிருப்பதாக. எல்லா உயிரும் நல்ல காற்றை உயிர்த்து நலமுற வாழ்வதாக. நமோ புத்தாய!